டிரைவர் நாடகம் பார்க்கப் போகிறார்

"கார்ல போனா நீங்க நாடகம் பாக்க மாட்டீங்க."

கொடைக்கானலிலிருந்து மதுரைக்குப் போகும் காலைப் பேருந்தில், என் முன் இருக்கையில் இருந்த பெண் கணவரிடம் சொன்னார். கணவர் சுற்றுலா வருகிறவர்களுக்குக் கார் ஓட்டுகிறவர் என்பது பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

"சொந்த வண்டிய வீட்டுல போட்டுட்டு பஸ்ல போறோம். பாக்குறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். மக ஸ்கூல்ல ஆடுனப்ப எங்க இருந்தீங்க?"

"பார்க்கிங் இல்ல. ரோட்டுல வண்டியப் பாத்துக்கிட்டு நின்னேன்."

"அவ பட்டம் வாங்குனப்ப?"

"அதும் பார்க்கிங் இல்லாத எடந்தான்."

"இன்னைக்கு மொத தடவ மதுரையில நடிக்கிறா. மொத வரிசையில உங்களுக்கு சீட்டு சொல்லி வச்சிருக்கா. உள்ள வந்து உக்காருறீங்க, அம்புட்டுத்தான்."

"பஸ்ஸு லேட்டாயிருச்சுன்னா?"

"அதுக்குத்தான் வெள்ளனே கெளம்புனோம்."

ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. பெருமாள்மலை தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்.

"மதுரையில இந்த பஸ்ஸ எங்க நிப்பாட்டுவாங்க?"

"அத டிரைவர் பாத்துக்கிருவாரு. இன்னைக்கு அது உங்க சோலி இல்ல."