தொட்டாத்தான் குமிழ் வரும்

— கிளினிக்குக்கு நீ செஞ்சு குடுத்த ஃபார்ம்ல, இந்த ஸ்லைடர் கோட்டு மேல இருக்குற குமிழை இழுத்தா, அது வராம பக்கமே மேல ஓடுது தம்பி. நீயே பாரு.

— குடுங்க அண்ணி... ம்ம். நீங்க கொஞ்சம் சாய்வா இழுக்குறீங்க. பக்கத்தை நகர்த்தச் சொல்றாங்கன்னு போன் நெனச்சுக்குது.

— அப்ப தப்பு என் விரல் மேலயா?

— பல் டாக்டர் விரலைக் குத்தம் சொல்லிட்டு நான் எங்க போறது? ஒரு வரி சேர்த்தாப் போதும். இந்தக் கோட்டு மேல விரல் பட்டா பக்கம் அசையாது. கண்ணைக் கட்டிக்கிட்டுச் செய்வேன்.

— தெறந்துக்கிட்டே செய்யி.

— இதுக்காகவா கிளினிக்கை விட்டுட்டு என் ரூம் வரைக்கும் வந்தீங்க? போன்ல சொல்லியிருக்கலாமே.

— சிலதை நேர்ல சொன்னாத்தான் நடக்கும். நேத்து ஒரு டீச்சர் வந்தாங்க. வர்றதுக்கு முன்னாடி நிரப்புற ஃபார்ம்ல, "எவ்வளவு பயம்?"னு கேக்குற எடத்துல பத்துக்கு அஞ்சு. சரி, எல்லாருக்கும் இருக்குற பயந்தான்னு ஊசிய எடுத்தேன்... நாற்காலிய விட்டு எறங்கி, கழுத்துல கட்டின துணியோடயே வாசலுக்குப் போயிட்டாங்க.

— துணியோடயா!

— சிரிக்காத. கண்ணெல்லாம் தண்ணி, பாவம். அஞ்சுதானே போட்டிருந்தீங்கன்னு கேட்டா, "நான் அதைத் தொடவே இல்லையே டாக்டர்"ங்குறாங்க.

— ...ஐயோ.

— என்ன ஐயோ?

— ஸ்லைடர் எங்கயாவது நின்னுதானே ஆகணும்? நடுவுல நிறுத்தி வெச்சிருந்தேன். தொடாமலே அனுப்பினா அஞ்சுன்னே போயிருக்கும்.

— அப்ப இத்தனை நாளா வந்த அஞ்செல்லாம்...

— பாதிக்குப் பாதி, யாரும் சொல்லாத அஞ்சு. என் தப்புதான் அண்ணி. இருங்க... தொடுற வரைக்கும் குமிழையே காட்டப் போறதில்ல. வெறும் கோடு. தொட்டாத்தான் குமிழ் வரும், நம்பர் வரும், அனுப்புற பட்டனும் வேலை செய்யும்.

— பயமே இல்லாதவங்க?

— அவங்களும் ஒரு தடவை தொட்டு ஜீரோன்னு சொல்லணும். இல்லைங்குறதும் ஒரு பதில்தானே?

— ...பரவாயில்லையே. சரி, குமிழ் ஏன் கடுகாட்டம் இருக்கு?

— அது டிசைன் அண்ணி. நாசூக்கா...

— நாசூக்கா? இதைப் புடிக்க நான் பல்லுல வேர் தேடுற ஊசியத்தான் எடுக்கணும். விரல் நுனி அளவுக்குப் பெருசாக்கு.

— ஆக்கியாச்சு. நம்பரையும் குமிழுக்கு மேல வெச்சுட்டேன். கீழ இருந்தா விரல் மறைச்சுடும்.

— ரிசப்ஷன்ல இருக்குற பொண்ணோட போன்ல வேற மாதிரி தெரியுதாம். சாம்பல் கலர்ல, என்னமோ அழுது வடியுதுங்குறா.

— அது வேற பிரவுசர். ஒவ்வொண்ணும் தன் இஷ்டத்துக்கு வரையும். ரெண்டுக்கும் தனித்தனியா எழுதிட்டேன். இனி எந்தப் போன்ல பார்த்தாலும் ஒரே முகம்.

— குமிழ் பத்தை நோக்கிப் போகப் போகச் செவக்குதே, அது?

— பயம் ஏற ஏற நிறமும் ஏறுது. அழகா இல்ல?

— பல் டாக்டர் ஃபார்ம்ல செவப்பைப் பார்த்தா உனக்கு என்ன ஞாபகம் வரும்?

— ...நீலமாக்கிடுறேன்.

— முகம் ஏன் வெளுக்குது?

— வெளுக்கல. ஸ்கிரீன் வெளிச்சம். இந்தாங்க, எல்லாத்தையும் நெட்ல ஏத்திட்டேன், முடிஞ்சுது.

— தண்ணி குடிக்கிறப்ப ஏன் தலையைச் சாய்ச்சு எடது பக்கமாவே விடுற?

— பழக்கம்.

— ஞாயித்துக்கிழமை வீட்டுல சாப்பிட்டப்பவும் பழக்கமா? உங்கண்ணனே கவனிச்சார்.

— அவர் எதைத்தான் கவனிக்கல... பல்லைக் கடிச்சுக்கிட்டு வேலை பார்க்குறவன் அண்ணி நான்.

— கடிக்க முடியுதா?

— ...ஒரு பக்கம்.

— வாய் கிழியப் பேசுற. வாயைத் தெறன்னா மட்டும்...

— ஸ்லைடரைப் பாருங்க அண்ணி, ஸ்லைடரை!

— சரி, டெஸ்டுக்கு நீயே நிரப்பிக் காட்டு. இந்தா, என் போன். பேரு போடு.

— என் பேரே போடுறேன். என்ன பிரச்சனை... "கடைவாய்ப் பல் வலி." சும்மா, உதாரணத்துக்கு.

— உதாரணத்துக்குத்தான். எந்தப் பக்கம்னு கேக்குது பாரு.

— வலது. அதுவும் உதாரணத்துக்கு.

— எப்ப வர்றீங்கன்னு கேக்குது. இன்னிக்குச் சாயங்காலம் எடம் இருக்குபோல. அதையே தொடு.

— தொட்டாச்சு. இப்பப் பாருங்க, வெறும் கோடு. விரலை வெக்கிறேன்... குமிழ் வந்துச்சா? பக்கம் அசையுதா?

— அசையல. என்ன, ரெண்டுலயே நிக்குற?

— என் பயம் அவ்வளவுதான்.

— ஓகோ. அந்தக் கோடி வரைக்கும் போகுதான்னு பார்க்க வேண்டாமா? டெஸ்டுதானே.

— போகும்... ஆறு... எட்டு... பத்து. எப்படி வழுக்கிட்டுப் போகுது பார்த்தீங்களா?

— பார்த்தேன். ரெண்டுக்கே கொண்டு வந்து அனுப்பிடு.

— ...இருக்கட்டும் அண்ணி. பத்துலயே போகட்டும்.

— உன் இஷ்டம். அனுப்பு.

— ...அனுப்பிட்டேன்.

— ஹப்பா! எழுந்திரு, செருப்பை மாட்டு.

— எதுக்கு?

— அது டெஸ்டும் இல்ல, ஒண்ணும் இல்ல ராசா. நிஜப் பக்கம்! இந்நேரம் ரிசப்ஷன்ல உன் பேரு போயிருக்கும். நீ ஓடாம இருக்கணும்னு உங்கண்ணன் கீழ கார்ல உட்கார்ந்திருக்கார். டீச்சர் விஷயம் நிஜம்தான். ஆனா அதைப் போன்லயே சொல்லியிருப்பேன். நான் வந்தது உன் பல்லுக்கு. நல்லா ஏமாந்தியா?

— அண்ணி... அந்தப் பக்கத்தைக் கட்டினவனே நான். நிஜம் எது, டெஸ்டு எதுன்னு எனக்குத் தெரியாதா? எத்தனையோ நாளா அதைத் தெறந்து தெறந்து மூடுறேன், தனியா இருக்கும்போது அந்தப் பட்டனை அழுத்தக் கை வரல. நீங்க பக்கத்துல நின்னீங்க, அழுத்திட்டேன். பத்துன்னு போட்டதும் நிஜந்தான்... ஊசிய எடுக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் பேசிட்டு எடுங்க.