கதகதப்பாக இருக்கிறது என்று எழுதிய நாற்பத்தொரு பேர்

என் பெயர் பெர்மெட் ஜோல்தோஷேவா. வயது 46. நாரின் நகரம், ஆற்றோரத் தெரு, 18ஆம் எண் வீட்டில் வசிக்கிறேன். இந்நகரப் பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கிறேன். வகுப்பறைகளைச் சூடாக்கும் பள்ளிக் கொதிகலனுக்கு நிலக்கரி போடும் சபிர்பெக்கைத் தெரியும், உறவினர் அல்ல.

டிசம்பர் 4ஆம் தேதி காலை வருகைப் பதிவேட்டை எடுக்கத் தலைமையாசிரியை அறைக்குப் போனபோது சபிர்பெக் அங்கே நின்று, அவரை அக்கா முறையில் அழைத்து, "குழாயில விரிசல் விட்டிருக்கு எஜே, இனிமே தாங்காது, லீவு விடுங்க" என்றார். "ஆய்வுக்குழு வர்ற நேரத்துல லீவா? ஒட்டுப்போட்டு ஓட்டு" என்று தலைமையாசிரியை சொன்னார். அதன் பிறகு குழாய் வெடித்துவிடக் கூடாதென்று சபிர்பெக் தீயைக் குறைத்துக்கொண்டதால் என் வகுப்பில் ஒன்பது டிகிரிதான் இருந்தது.

6ஆம் தேதி தலைமையாசிரியை 'எங்கள் கதகதப்பான பள்ளி' என்று தம் சமூக ஊடகப் பக்கத்தில் படம் போட்டார். படத்துக்காக எங்களை மேலங்கியைக் கழற்றச் சொன்னார்கள். அதன் பிறகு துணைத் தலைமையாசிரியர் மாராத், இரண்டாம் பாடவேளை மணி அடிப்பதற்குள் எல்லோரும் படத்தின் கீழ் எழுத வேண்டும், வெறும் இதயக்குறி போதாது, எழுதியதைப் படம்பிடித்து அனுப்ப வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நான் கையுறையைக் கழற்றி, "அறைகள் கதகதப்பாக இருக்கின்றன, மிக்க நன்றி" என்று எழுதினேன்.

9ஆம் தேதி ஆய்வுக்குழு வருவதற்கு முன் தலைமையாசிரியை தீயைக் கூட்டச் சொன்னதை நடைவழியில் நின்று கேட்டேன். அதன் பிறகு சுமார் பத்தரை மணிக்குக் குழாய் வெடித்து, மூன்றாம் வகுப்பு மாணவி அய்பீகேயின் கால்களில் கொதிநீர் கொட்டியது. நான்தான் அவளைத் தூக்கினேன். கம்பளிக் காலுறை தோலோடு ஒட்டியிருந்ததால் கழற்றவில்லை.

சபிர்பெக் பழுதைச் சொல்லவேயில்லை என்று கூறும் தலைமையாசிரியை, அதற்குச் சான்றாக நாற்பத்தொரு ஆசிரியர்கள் எழுதியவற்றை அச்செடுத்துக் காவல்துறையிடம் கொடுத்திருக்கிறார். அதில் என் பெயர் ஏழாவது. அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது.

நேற்று மாராத் என் வீட்டுக்கு வந்து, "எஜே, ஒரு வரிதானே? எல்லாருந்தான் எழுதினோம். அதையும் நான் குழுவுல போட்டதையும் அழிச்சிட்டு, போன் தொலைஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டுப் பேசாம இருங்க. வேலை முக்கியமில்லையா?" என்றார்.

"டீ ஆறுது, குடிச்சிட்டுக் கெளம்பு" என்றேன்.

நான் எதையும் அழிக்கவில்லை. நான் எழுதிய வரி பொய். சபிர்பெக் சொன்னது உண்மை. நீதிமன்றத்திலும் இதையே சொல்வேன்.

இந்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டியபோது, 6ஆம் தேதி நான் எழுதியதைப் பற்றி 'வற்புறுத்தலின் பேரில்' என்று இருந்தது. யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை, 'பயந்து எழுதினேன்' என்று போடுங்கள் என்றேன். காவல் ஆய்வாளர் 'வற்புறுத்தலின் பேரில்' என்பதை அடித்துவிட்டார். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன.

பயந்து எழுதினேன்.

(ஒப்பம்) பெ. ஜோல்தோஷேவா