தாசம்மாளின் கல்லும் கார்ஃபீல்டின் குண்டும்

— ஒரு ஒப்பு அங்கிள், ஒரேயொரு ஒப்பு. ஆன்ட்டி காலையிலேயே போட்டாச்சு. இனி கூட நிக்கற பைஸ்டாண்டர் போடணும்.

— நான் பைஸ்டாண்டர் இல்ல மக்ளே. இவளுக்க மாப்பிள்ளையாக்கும்.

— இந்த ஆபரேஷன் பேப்பர்ல ரெண்டும் ஒண்ணுதான். இந்தாங்க பேனா.

— உனக்கு பேரு என்ன மக்ளே?

— ஆர்ஷா.

— ஆர்ஷா, நீ கோவிக்கப்பிடாது. போடமாட்டேன்னு நான் சொல்லல்ல. யோசிச்சுப் போடுதேன்னு சொல்லுதேன்.

— நேத்துலருந்தே இப்படி யோசிக்காவ மக்ளே. சாலை பஜாருல நம்ம கடையில லோடு லோடாட்டு பைப்பு வந்து எறங்கும். எண்ணிக்கூட பாக்காம ஒப்பு போடுவாவ. இஞ்ச வந்து மலச்சுப் போயி நிக்காவ.

— பைப்பும் நீயும் ஒண்ணா தாசம்மா?

— கேட்டியா ஆர்ஷா? கல்யாணம் கழிஞ்ச பிறகு இப்பதான் முதல் தடவையாட்டு இப்படி ஒரு வார்த்தை கேக்கேன். இதுக்கே எனக்கு கல்லு வந்தது கொள்ளாம், நல்லதுதான்.

— எண்டெ அங்கிளே, பித்தப்பையில கல்லு. சின்னதா துளை போட்டு எடுக்கப் போறாங்க. நாளைக்கே ஆன்ட்டி எழும்பி நடப்பாங்க. எதுக்கு இப்படிப் பயந்து பேடிக்கிறீங்க?

— எனக்கு ஆபரேஷன்ல பேடி இல்ல. டாக்டர்மாருக்க மேலயாக்கும் பேடி. கார்ஃபீல்டுக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியுமா?

— கார்ஃபீல்டா? எந்த வார்டு?

— அய்யோ, என்னைய சிரிக்க வைக்காத பிள்ளே, வலிக்குது.

— வார்டு இல்ல மக்ளே. அவரு அமெரிக்காவுல ஜனாதிபதி. செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

— அவருக்கும் ஆன்ட்டிக்கும் என்ன சம்பந்தம்?

— நான் சொல்லுதேன். ஆபரேஷனுக்கு தேதி கிடைக்கது வரை எண்ணெய் தொடாண்டாம், சும்மா படுத்துக் கிடன்னு சொன்னாவல்லா? கிடந்தா எனக்கு கிறுக்கு பிடிக்கும். அதனால எனக்க மக லிபி பெங்களூர்லருந்து வந்தப்பம் போன்ல ஒரு ஒலிப்புத்தகம் ஏத்தித் தந்தா. அந்த கார்ஃபீல்டை துப்பாக்கியால வெடி வச்சுக் கொன்ன கதை. நடந்த சரித்திரம்தான், ஆனா கேட்டா நம்ம தெருவுல நடந்தது மாதிரி இருக்கும். மொதல்ல இவிய என்ன சொன்னாவ தெரியுமா?

— அதெல்லாம் இப்பம் என்னத்துக்கு?

— "எவனோ எங்கயோ செத்ததுக்கு நீ இஞ்ச கிடந்து மூக்கு சிந்துதியா"ன்னாவ. பிறகு ஒருநாள் மத்தியானம் சோறு தின்ன வந்தவிய, வாசல்ல நின்னு கேட்டாவ. மறுநாள் நாற்காலியைப் போட்டு இருந்தாவ. அடுத்த வாரம் உச்சை கழிஞ்சா கடை பூட்டு. சாலையில ஹார்ட்வேர் கடைக்காரன் எல்லாம் ராஜையனுக்கு சொகமில்லையோன்னு போன் பண்ணுதான்.

— சத்தியம் சொல்லணும்லா மக்ளே, வாசிக்குத ஆளு பயங்கர கெட்டிக்காரன். ரயில்வே ஸ்டேஷன்ல ஜனாதிபதி நடந்து வாறாரு. காவலுக்கு ஒரு ஆளில்ல. கிட்டோன்னு ஒருத்தன், பாரீசுல அரசாங்க வேலை வேணும்னு கேட்டுக் கேட்டு கிடைக்காத கிறுக்கன், பின்னால வந்து வெடி வைக்கான். எனக்க கையில இருந்த சோறு அப்படியே நிக்குது.

— நான் சொல்லட்டா ஆர்ஷா? அந்த இடத்துல பின்னணியில ஒரு பீப்பி சத்தம் போட்டிருக்கான். அது என்னத்துக்கு? கல்யாண வீடா அது? அது ஒண்ணுதான் எனக்குப் பிடிக்கல்ல.

— அது வயலினாக்கும் தாசம்மா.

— பீப்பி.

— சரி சரி, சண்டை வேண்டாம் கேட்டோ. அப்போ வெடி பட்டு செத்துப் போனாரு. அதானே?

— அதான் இல்ல! அதைத்தான் காலையிலேருந்து எல்லாருட்டயும் சொல்லுதேன். குண்டு அவரைக் கொல்லல்ல. உயிருக்கு ஆபத்தான இடத்துல அது படவே இல்ல. அது பாட்டுக்கு உடம்புக்குள்ள ஒரு ஓரமாட்டு கிடந்தது. வந்த டாக்டர்மாரு கொன்னானுவ! ஸ்டேஷன்ல அழுக்குத் தரையில படுக்க வச்சு, கை கழுவாம, வெரலை உள்ள விட்டு குண்டைத் தேடினானுவ. ஒருத்தன் மாத்தி ஒருத்தன்.

— எண்டம்மோ! கை கழுவாமலா?

— கிருமின்னு ஒண்ணு உண்டும்னு அப்பமே வெளிநாட்டுல ஒரு டாக்டர் கண்டு சொல்லியாச்சு. இவனுவ நம்பல்ல. அதுல ஒருத்தன் தலைமை. அவனுக்க முதல் பேரு என்னன்னு சொல்லு பாப்பம்?

— என்ன?

— டாக்டர்! அப்பனும் அம்மையும் போட்ட பேரே டாக்டர். பேரு டாக்டர், தொழிலும் டாக்டர். செய்தது எல்லாம் கசாப்பு. டெலிபோன் கண்டுபிடிச்ச மனுஷன், பாவம், குண்டைத் தேட ஒரு மெஷின் செய்து கொண்டு வந்தாரு. இந்த டாக்டர் டாக்டர், வலது பக்கம் மட்டும் தேடினா போதும்னு பிடிவாதம். குண்டு கிடந்தது இடது பக்கம்!

— அய்யோ, கேக்கவே என்னவோ மாதிரி இருக்கு. பிறகு?

— பிறகு என்ன? கோடை முழுக்க சீழு வச்சுக் கிடந்து செத்தாரு. கோர்ட்டுல அந்தக் கிறுக்கனே சொன்னானாம், "நான் சுட்டேன், கொன்னது டாக்டர்மாரு"ன்னு. அவனுக்குத் தூக்கு. டாக்டர் பில்லு அனுப்பினான்.

— அதுக்கு இவிய ஒரு வேலை செய்தாவ மக்ளே. கேட்டு முடிச்சா நட்சத்திரம் போடச் சொல்லும்லா, அந்த ஆப்புல? நான் முழுசாட்டு போடணும்னு வச்சிருந்தேன். குளிச்சுட்டு வந்து பாக்கேன், எனக்க போன்ல இவிய ஒத்த நட்சத்திரம் போட்டு வச்சிருக்காவ.

— அந்த டாக்டருக்கு ஒண்ணே அதிகம்.

— புத்தகத்துக்கு போடச் சொன்னா டாக்டருக்குப் போட்டிருக்கிய! வாசிச்ச பையன் என்ன பாவம் செய்தான்?

— அவன் டாக்டர் பேசுத இடத்துல மட்டும் குரலைத் தேன் மாதிரி மாத்துதான். "பயப்படாதீங்க அம்மணி, எல்லாம் என் பொறுப்பு"ன்னு. கேக்கும்ப எனக்கு கோவம் ஏறி வரும். நேத்து இஞ்ச ஒரு குட்டி டாக்டர் வந்து அதே குரல்ல, "பேடிக்கண்ட அங்கிள், எல்லாம் நாங்க பாத்துக்கொள்ளாம்"னு சொன்னான். அப்பமே முடிவு பண்ணினேன் ஆர்ஷா, யோசிக்காம ஒப்பு போடப்பிடாதுன்னு. சத்தியமாட்டு.

— எனக்கு இப்ப மனசிலாச்சு அங்கிள். ஆன்ட்டி, உங்களுக்கு பேடி இல்லையா? நீங்களும் கேட்டீங்கல்ல?

— எனக்கு என்னத்துக்கு பேடி? நான் கதையை வேற மாதிரியாக்கும் கேட்டேன். தப்பு அந்த கார்ஃபீல்டுக்க பெண்டாட்டி மேலதான்.

— இந்தா ஆரம்பிச்சுட்டா.

— இல்ல, நான் கேக்கேன். பாவம், அவளே சுகமில்லாம கிடந்து எழும்பினவ. நல்ல புத்திசாலி, படிச்சவ. அந்த டாக்டர் வந்து, "இனி எனக்க பொறுப்பு, மத்தவன் எல்லாம் வெளிய போ"ன்னு சொல்லும்ப, "நீ ஆருலே எனக்க வீட்டுல?"ன்னு அவளாவது கேட்டிருக்கணுமா வேண்டாமா? நானா இருந்தா அவனை மாறுகாலு மாறுகை வாங்கியிருப்பேன். எழுதினவியளும் அவளுக்கு கொஞ்சம்போல இடம்தான் குடுத்திருக்காவ. டெலிபோன்காரனுக்க மெஷினுக்கு மட்டும் எவ்வளவு நேரம்!

— அப்போ அங்கிள் இப்ப செய்யறது சரிதானே ஆன்ட்டி? கேள்வி கேக்கறாங்க.

— கேக்கலாம். கேட்டுட்டு ஒப்பும் போடணும்லா?

— அப்படின்னா நான் ஒரு காரியம் செய்யறேன். ஆபரேஷன் தியேட்டருக்கு போன் பண்ணி டாக்டரம்மாவை விளிக்கறேன். ஹலோ, ஷைனி சேச்சியோ? ஜெயஷீலா மேடம் உண்டோ? போனை ஒண்ணு குடுக்கூ. மேடம், ஆர்ஷா. தாசம்மாள் ஆன்ட்டிக்க ஹஸ்பண்ட் ஒப்பு போடல. இல்ல மேடம், பைசா பிரச்சினை இல்ல. அவர், அது வந்து, மேடம் கை கழுவுவாங்களான்னு கேக்கறார். ஆமா மேடம், கை. சிரிக்காதீங்க மேடம், சீரியஸா. ஒரு ஜனாதிபதி. இல்ல, அமெரிக்கா. சரி மேடம். சரி. சொல்றேன்.

— என்ன பிள்ளே, கோவிச்சாவளா?

— அங்கிளை அனுப்பச் சொன்னாங்க. நேரா போயி இடது பக்கம் திரும்பினா கண்ணாடிக் கதவு. செருப்பை வெளியே விட்டிருங்க.

— என்னையா? நான் இந்த சாரத்தை உடுத்துட்டு எப்படிப் போவ?

— போங்க மனுஷா. அமெரிக்க ஜனாதிபதிக்கு கிடைக்காத சான்ஸ்.

— போயிட்டு வாறேன். நான் வாறது வரை இவளை ஆரும் தொடப்பிடாது, கேட்டியா ஆர்ஷா?

— போயாச்சு. ஆன்ட்டி, கையைத் தாங்க, பிரஷர் பாக்கணும். அய்யோ, கொஞ்சம் கூடுதலா இருக்கே.

— அது இவியளுக்க சத்தத்துலயாக்கும். விடிஞ்சதுலருந்து கார்ஃபீல்டு, கார்ஃபீல்டுன்னு. ஆர்ஷா, நீ எந்த ஊரு?

— பாறசாலை. வீட்டுல தமிழ்தான். ஸ்கூல்ல மலையாளம்.

— நல்லதாப் போச்சு. எனக்க அம்மைக்கும் அங்கதான் ஊரு. கல்யாணம் கழிஞ்சுதா? இல்லையா? அவசரப்படாத. மயக்க மருந்து குடுக்கும்ப என்ன செய்வாவ? எண்ணச் சொல்லுவாவளா?

— சில நேரம் எண்ணச் சொல்லுவாங்க. சில நேரம் சும்மா பேசிட்டே இருப்பாங்க.

— பேசினா எனக்கு நல்லது. அங்க பாட்டு கேக்கலாமா? உள்ள ஏசி பயங்கர குளிரா இருக்கும்லா? நீயும் உள்ள வருவியா?

— வாசல் வரை வருவேன் ஆன்ட்டி. நீங்க நல்லா பேசறீங்க. ஆபரேஷனுக்கு வந்த ஆள் மாதிரியே இல்ல.

— நான் எதுக்கும் மலைக்க மாட்டேன் மக்ளே. ரெண்டு பேத்துல ஒருத்தராவது அப்படி இருக்கணும்லா? இவிய ஊசிக்கே கண்ணை மூடுத ஆளு. நானும் கூட அழுதா இவியளைப் பாக்கதுக்கு வேற ஆளு வேணும்.

— இந்தா, அங்கிள் வந்தாச்சு. முகத்தைப் பாருங்க!

— தாசம்மா, அது ஒரு டாக்டரம்மைதான்! சத்தியமாட்டு சொல்லுதேன், அந்த காலத்துல இவிய அமெரிக்காவுல இருந்திருந்தா மனுஷன் பொழச்சிருப்பாரு.

— என்ன செய்தாவ? சொல்லுங்க.

— கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னை நிக்க வச்சாவ. அந்தப் பக்கம் ஒரு பெரிய தொட்டி. பைப்பை முழங்கையால தெறக்காவ, கை படாம. நல்ல பைப்பு, நம்ம கடையில அந்த மாடல் இல்ல. வெரல் இடுக்கு, நகம், மணிக்கட்டு, முழங்கை வரை போட்டுத் தேய்க்காவ. ஒருதடவை முடிஞ்சுதுன்னு நெனச்சேன், மறுபடியும் சோப்பு. எனக்கு காலு கடுத்துப் போச்சு. "போதும் டாக்டரே"ன்னு நானே சொன்னேன்.

— நீங்களே போதும்னு சொன்னியளா?

— ஆமா. அப்பம் அவிய கண்ணாடி வழி சத்தமாட்டு கேக்காவ, "குண்டு எந்தப் பக்கம் கிடந்தது?"ன்னு. நான் இடதுன்னேன். "தாசம்மாளுக்க கல்லு வலது. ஸ்கேன்ல கண்டாச்சு. அங்கதான் போவேன்"னாவ. பிறகு புத்தகத்துக்க பேரும் கேட்டாவ. ராத்திரி வீட்டுக்குப் போகும்ப கார்ல கேக்கணுமாம்.

— பேரைச் சொன்னியளா?

— சொன்னேன். ஒத்த நட்சத்திரத்தைப் பாத்துட்டு கேக்காம விட்டிராதீங்க, அது நான் கோவத்துல போட்டதுன்னும் சொன்னேன். பேனாவைக் கொண்டா ஆர்ஷா. எங்க போடணும்?

— இங்க. பேரு இங்க. உறவு என்னன்னு இங்க.

— உறவு... "மாப்பிள்ளை"ன்னு எழுதலாமா?

— ஹஸ்பண்ட்னு எழுதுங்க அங்கிள். அவ்வளவுதான். ஆன்ட்டி, இந்த ட்ராலியில மெதுவா மாறிக் கிடங்க. வளையல், மாலை எல்லாம் கழட்டியாச்சா?

— எல்லாம் இவியட்ட குடுத்தாச்சு. இஞ்ச பாருங்க, கான்டீன்ல போயி தோசை தின்னணும். சும்மா இருந்து வெரலைக் கடிக்கப்பிடாது. லிபிக்கு போன் பண்ணணும். அழப்பிடாது, கேட்டியளா?

— நான் எங்க அழுதேன்? நான் தைரியமாட்டுத்தான் நிக்கேன்.

— அப்ப போலாம். அங்கிள், நடந்து கூடவே வாங்க. வாசல் வந்தாச்சு, இனி உள்ள வரக்கூடாது. அங்கிள், ப்ளீஸ், ட்ராலியைப் பிடிச்சு வைக்காதீங்க, நகர மாட்டேங்குது. விடுங்க அங்கிள்.

— நான் எங்க பிடிச்சேன் மக்ளே? எனக்க சட்டையை விடாம பிடிச்சிருக்கது அவளாக்கும்.