பக்கம் மாறி உட்கார்ந்த பேராசிரியர்

மேடையில் வீற்றிருக்கும் போதகர் ஐயா அவர்களே, சபைக் குழுவின் பெரியவர்களே, முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பேராசிரியரின் மனைவி, எனக்குத் தங்கச்சி போன்ற பவுலின் அவர்களே, காக்ஸ் டவுனிலிருந்தும் ஜீவனஹள்ளியிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் நண்பர்களே, எல்லாருக்கும் என் வணக்கம்.

என் பெயர் சாமிநாதன். கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். பேரில்தான் சாமி; ஆள் பௌத்தன். பேராசிரியர் ஹெர்பர்ட் அவர்களுக்கான இரங்கல் கூட்டத்தில், அதுவும் தேவாலய மண்டபத்தில், இவனுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நியாயம்தான்! ஆனால் அவர் நடத்திய சனிக்கிழமை வட்டத்தில் உட்கார்ந்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

அந்த வட்டத்தில் ஒரே கேள்விதான்: இயேசுவைப் பற்றிச் சுவிசேஷங்கள் சொல்வதைச் சரித்திரமாக நம்பலாமா? ஒரே சட்டம்தான்: நம்புகிறவர் சந்தேகத்தின் பக்கம் பேசவேண்டும், நம்பாதவர் சுவிசேஷத்தின் பக்கம் பேசவேண்டும். தேநீர் வந்ததும் அவரவர் தம் பக்கம் திரும்பிவிடவேண்டும். தினமும் காலையில் முழங்காலிட்டு ஜெபிக்கும் ஹெர்பர்ட் சந்தேகத்தின் நாற்காலியில்! மத்தேயுவுக்கும் மாற்குவுக்கும் வக்கீலாக நான்! எந்த ஊரில் நடக்கும் இந்தக் கூத்து?

கோர்ட் அனுபவம் இருக்கிறதே என்று ஒருநாள் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "நாலு சுவிசேஷம், நாலு சாட்சி. அங்கங்கே சின்னச் சின்ன வித்தியாசம். சொல்லிக்குடுத்த சாட்சின்னா அப்படியே ஒப்பிச்சிருப்பான்." ஹெர்பர்ட் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் குறுக்கு விசாரணை ஆரம்பம் என்று அர்த்தம். "இன்னாப்பா சாமிநாதா, மாற்கு எழுதுனத மத்தேயு பல எடத்துல வரிக்கு வரி எடுத்துருக்காரே. உன் கோர்ட்ல அத ரெண்டு சாட்சின்னு எடுத்துக்குவாங்களா?" என்றார்.

தேநீர் வந்தது. அதே மனிதர் தன் பக்கம் திரும்பித் தனக்கே பதில் சொன்னார்: "எடுத்தாரு. ஆனா சங்கடமானதையும் விடாம எடுத்தாரு. தலைவரு மாதிரி இருந்த பேதுரு பயந்துபோய் இயேசுவத் தெரியாதுன்னு மறுதலிச்சத, பெருமைக்கு எவனாவது எழுதுவானா?"

சந்தாபுராவில் நடந்ததைச் சொல்லாமல் இறங்கினால் அவரே எழுந்துவந்து திட்டுவார். அங்கே ஒரு ஜெபக்குழு, வேதம் நம்பத்தக்கது என்று பேச அவரை அழைத்திருந்தது. மனிதர் என்ன செய்தார்? பழக்கதோஷம்! மைக்கைப் பிடித்ததும் சந்தேகத்தின் பக்கத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டார். விபசாரத்தில் பிடிபட்ட ஒரு பெண்ணைக் கல்லெறிய வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்துபோகும் கதை இருக்கிறதே, அது யோவான் சுவிசேஷத்தின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை என்றார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் பிரபா என்ற பெண் எழுந்து அழுதேவிட்டார். "சார், அப்ப அது பொய்யா? அந்தக் கதையக் கேட்டுத்தானே நான் சர்ச்சுக்கே வந்தேன்!"

"தெரிஞ்சும் மறைச்சா, அதுதாம்மா பொய்" என்றார் ஹெர்பர்ட். "சாகு சார், சாகு! போதும், எறங்குங்க!" என்று பாதி கன்னடத்தில் கத்தி, அமைப்பாளர் மைக்கை அணைத்துவிட்டார். நம்பிக்கையின் பக்கம் பேசும் மறுபாதி இன்னும் வரவே இல்லையே! அங்கே ஏது தேநீர்? கடைசி வரிசையில் இருந்த என்னைத் தேடிப் பிடித்து, "சாமிநாதா, என் பாதி நின்னுபோச்சு. நீ சொல்லுப்பா" என்றார்.

சொன்னேன், ஐயா! மைக் இல்லாமல் தொண்டை கிழியச் சொன்னேன். பின்னால் சேர்ந்தது எது என்று எப்படித் தெரிகிறது? ஊர் ஊராகப் பழைய பிரதிகள் இருப்பதால்தானே! ஓர் ஊரில் ஒருவர் கைவைத்தால் இன்னோர் ஊர்ப் பிரதி காட்டிக்கொடுக்கிறது. மறைக்க முடியாத நூலைப் பார்த்து ஏன் பயப்படுகிறீர்கள் என்று கேட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் ஹெர்பர்ட், "உன்ன வுட்டா ஞானஸ்நானமே வாங்கிருவ போலக்கீதே" என்றார். "உங்கள வுட்டா சபைய வுட்டே தள்ளிருவாங்க" என்றேன். அத்தனை பேர் முறைத்துப் பார்த்த வருத்தம் அவரிடம் துளியும் இல்லை. "என் கர்த்தருக்கு என் பொய் எதுக்குப்பா?" என்றார். அடுத்த சனிக்கிழமையே பிரபா வட்டத்துக்கு வந்தார். இதோ, இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

இன்று வாசலில் நுழையும்போதே காதில் விழுந்தது: "ஹெர்பர்ட் சார் பூட்டாரு, இனி வட்டம் அவ்ளோதான்." நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சந்தேகத்தின் நாற்காலியில் அவரைப்போல் யார் உட்கார முடியும்?

நேற்று பவுலினைப் பார்க்கப் போனேன். காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணா, வர்ற சனிக்கிழமை அவரு நாற்காலில நான் உக்கார்றேன்."

"இப்ப எதுக்கும்மா?"

"நம்புறவங்கதானே சந்தேகத்தக் கேக்கணும்? மொதக் கேள்விய இப்பவே சொல்லிடறேன், படிச்சிட்டு வாங்க. மூணாம் நாள் இயேசுவோட கல்லறை காலியா இருந்துச்சுன்னு நான் எப்படிண்ணா நம்பறது?"

அதுவரை அழாத பவுலினின் குரல், அந்த 'எப்படிண்ணா'வில் உடைந்துபோனது. அது வட்டத்துக்கான கேள்வி மட்டும்தானா? கணவரைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்தவரின் கேள்வி அல்லவா! அதற்குப் பதில் சொல்லவேண்டிய வக்கீல் நான். நம்பாதவன் நான்.

சபைக் குழுவின் பெரியவர்களே, சனிக்கிழமை மண்டபத்தைத் திறந்து வையுங்கள். வட்டம் நடக்கும்! தங்கச்சி, நான் வருகிறேன். தெரிந்ததையெல்லாம் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்பேன். ஹெர்பர்ட் பெயரால் ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லமாட்டேன், இது உறுதி.

ஒரே ஒரு வேண்டுகோள். தேநீர் வந்ததும் நான் என் பக்கம் திரும்பியாக வேண்டும், அதுதான் அவர் போட்ட சட்டம். அதனால் இந்தச் சனிக்கிழமை மட்டும், தயவுசெய்து, தேநீரைக் கொஞ்சம் தாமதமாகக் கொண்டுவாருங்கள்.