மடிப் பருத்தி

அய்யோ, சன்னலோரம் நீங்களே உக்காருங்க அம்மணி, எனக்குக் காத்து ஆகாது. நான் கேட்டது அதுக்கில்லீங்க. உங்க கையில இருக்கற புஸ்தகத்துல பருத்திச்செடி படம் போட்டிருந்துச்சு, அதான் விவசாயம் படிக்கற புள்ளையாட்டம் இருக்குதேன்னு கேட்டேன். மூணாவது வருசமுங்களா? நல்லா இருங்க கண்ணு. அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். காரமடை போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கு ஒரே ஒரு சமாச்சாரம் மட்டும் சொல்லிப்போடுங்க. இந்தப் புதுப் பருத்தி இருக்குதில்லீங்க, காய்ப்புழு விழுகாதுன்னு விதைக்குள்ளயே என்னமோ மாத்தி வெச்சது... ஆமாமுங்க, அதேதான். அதோட கொட்டையைத் தின்னுபோட்டா ஏதாச்சும் ஆகுமுங்களா?

யாரு தின்னாங்கன்னா... மாடுதானுங்க. எங்க மாடு. கன்னு போட்டு ரண்டு மாசமாகுது. கன்னு பால் குடிச்சிட்டு இருக்குது. அதான் பயமா இருக்குதுங்க.

புழுவை மட்டும்தான் கொல்லுமுங்களா? சரிங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா ஒண்ணு கேக்கறேன், சிரிக்கப்படாது. இது புழுவோட வயிறு, இது மாட்டோட வயிறுன்னு அதுக்கு எப்படிங்க தெரியும்? ம்ம். புழு வயிறு வேற, நம்ம வயிறு வேறயா. கோயமுத்தூர் ஆபீஸ்ல ஒரு ஐயாவும் இதைத்தான் சொன்னாரு. அப்படின்னா அதை ஒரு காயிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சாமின்னேன். பேனாவை எடுத்து மூடி வெச்சுப்போட்டாரு.

அங்கிருந்துதானுங்க இப்ப வாரேன். காலையில ஏழு மணிக்குக் கிளம்பினது. கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனா, இது விதை சமாச்சாரம், விதை ஆபீசுக்குப் போங்கறாங்க. அங்க போனா, தின்ன சமாச்சாரம்னா நாங்க சொல்ல முடியாதுங்கறாங்க. ஒரு புள்ளை மட்டும் பாவம், உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்து, உங்க மாட்டுக்கு என்ன நோவுன்னு கேட்டுச்சு. நோவு ஒண்ணும் இல்லீங்கம்மா, இனிமேல் வருமான்னுதான் கேக்க வந்தேன்னேன். அதுக்கு அந்தப் புள்ளை என்னைப் பாத்த பார்வை இருக்குதே! கிறுக்கச்சின்னு நெனச்சிருக்கும்.

எங்களுக்குக் காரமடைக்கு அந்தப் பக்கம் தோட்டமுங்க. ஊட்டுல பேசறது தெலுங்கு, ஆனா மூணு தலைமுறையா இந்த மண்ணுதான். போன ஆவணியில கம்பெனிக்காரங்க ரண்டு பேரு ஜீப்புல வந்தாங்க. ஒரு ஏக்கரா மட்டும் குடுங்க, போட்டுப் பாக்கறோம், மருந்தே அடிக்க வேண்டாம்னாங்க. எங்க ஊட்டுக்காரரு சரின்னுட்டாரு. எப்படிங்க வேண்டாம்பாரு? அதுக்கு முந்தின வருசந்தான் எங்க தோட்டத்துல வேலை செய்யற வேலுமணி, உச்சி வெயில்ல மருந்தடிச்சுட்டு இருந்தவன், செடிக்கு நடுவாலயே மயங்கி உழுந்துட்டான். வாயெல்லாம் நொரை. கோயமுத்தூருக்குத் தூக்கிட்டுப் போயி மூணு நாள் கண்ணு முழிக்கலீங்க. அவம் பொண்டாட்டி பாவாத்தாள் ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்துட்டு என் கையைப் புடிச்சா பாருங்க, இன்னும் அந்தப் புடி எனக்கு வலிக்குது. பொழச்சது ரங்கநாதர் போட்ட பிச்சை. அப்பேர்ப்பட்ட மருந்தே வேண்டாம்னு ஒருத்தர் வந்து சொன்னா, சாமியே அனுப்பி வெச்சாப்பலதானே இருக்கும்?

காய் என்னமா வெடிச்சுதுங்கறீங்க! அக்கட்டால எங்க சொந்தப் பருத்தி, பாதிக்குப் பாதி சொத்தை. இக்கட்டால அது, வெள்ளை வெளேர்னு, தும்பைப்பூவாட்டம். நான் கம்பெனிக்காரங்களைக் குத்தம் சொல்லலீங்க. மரியாதையான பசங்க. என்னைப் பாத்தா அம்மா சௌக்கியமான்னு கேட்டுட்டுத்தான் தோட்டத்துக்குள்ள இறங்குவாங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் கண்டிசனா சொன்னாங்க. எடுக்கற பருத்தியெல்லாம் எடை போட்டு நாங்களே கொண்டுபோயிருவோம், ஒரு கொட்டை வெளிய போகப்படாதுன்னாங்க.

இங்கதானுங்க நான் தப்புப் பண்ணிப்போட்டேன்.

எங்க ஊட்டுல ஒரு வழக்கம். முதல் எடுப்பு அன்னிக்குப் பருத்தி எடுக்க வந்த பொம்பளைகளை வெறும் மடியோட அனுப்பப்படாது. ஆளுக்கு ஒரு மடி பருத்தி நான் என் கையால போடோணும். கூலி வேற, அது வேற. பஞ்சைத் திரிச்சு விளக்குக்கு வெச்சுக்குவாங்க, கொட்டையை ஆடு மாட்டுக்குப் போட்டுருவாங்க. தை மாசம், நல்ல வெள்ளிக்கிழமை. கம்பெனிக்காரங்க தராசுகிட்ட நின்னுட்டிருந்தாங்க. இந்தப் பொம்பளைக பன்னண்டு பேரும் கொல்லைப்புறம் வந்து மடியை ஏந்திட்டு நின்னாங்க. நான் என்னங்க பண்ணுவேன்? ஒரு மடியில என்ன ஆயிறப் போகுதுன்னு போட்டுட்டேன். எங்க பருத்தி, அவங்க பருத்தி, ரண்டும் கலந்துதான் கிடந்துச்சு. நான் பிரிச்சுப் பாக்கலீங்க.

மாசியில செடியெல்லாம் புடுங்கிக் குவிச்சுத் தீ வெச்சாங்க. மைசூர் பக்கமெல்லாம் இதுக்கு எதுப்பாச் சண்டை நடக்குதுன்னு என் மகன் சென்னகேசவன் அந்நேரந்தான் பேப்பர்ல படிச்சுக் காட்டினான். இதெல்லாம் சோத்துல எண்ணெயில கலந்துட்டா என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாதுன்னு ஒருத்தரு எழுதியிருக்காராம். ஒண்ணும் ஆகாதுன்னு பக்கத்துலயே இன்னொருத்தரு எழுதியிருக்காராம். ரண்டு பேரும் படிச்சவங்கதானுங்க. நான் எட்டாவது. யாரை நம்பறதுங்க? நான் போயி அந்த ஜீப்புத் தம்பிகிட்டக் கேட்டேன். ஏந்தம்பி, கெடுதல் ஒண்ணுமில்லைன்னு சொல்றீங்க, அப்புறம் எதுக்குச் சுடறீங்கன்னு. அவன் சிரிச்சான். அது ரூல்ஸுங்கம்மான்னான். சிரிச்ச மொகத்தோடயே ஒரு காயிதத்தை நீட்டினான். விதை எதுவும் வெளிய போகலைன்னு எழுதியிருந்துச்சு. எங்க ஊட்டுக்காரரு என்னைத் திரும்பிப் பாத்தாரு. ராமாமணி, ஏதாச்சும் போச்சான்னாரு. இல்லீங்கன்னுபோட்டேன். என் வாய்ச்சொல்லை நம்பித்தானுங்க அவரு கையெழுத்துப் போட்டாரு. அன்னிக்குப் பொழுதோட விளக்கு ஏத்தப் போனா, கை வரமாட்டேங்குது.

அதனாலதானுங்க எங்கயும் பேரு சொல்லாமக் கேக்கறேன். இன்னிக்குக்கூட ஊட்டுல கோயிலுக்குப் போறேன்னு சொல்லிப்போட்டுத்தான் வந்தேன். இந்த வயசுல சாமி பேரைச் சொல்லிப் பொய். அவர் பாத்துட்டுத்தான் இருப்பாரு.

துடியலூர் தாண்டிருச்சுங்களா? சரி, சரி.

என்னது, மாடு எப்படித் தின்னுச்சா? அது... பாவாத்தாள்தானுங்க கொண்டுவந்து குடுத்தா. மஞ்சப்பையில ரண்டு படி கொட்டை. அம்மா, இதை ஆட்டிக் குடுங்க, பால் நல்லாச் சுரக்கும்னா. பின்கட்டு வாசல்ல வெச்சுட்டுப் போயிட்டா. எங்க தோட்டத்துப் பருத்திதானேன்னு நானும் கேக்காம வாங்கிட்டேன். முந்தின நாளே ஊறப்போட்டு, காலையில ஆட்டாங்கல்லுல வழவழன்னு ஆட்டி, வேட்டித்துணியில மூணு தடவை புழிஞ்சு பாலெடுத்து, சுக்கும் கருப்பட்டியும் தட்டிப் போட்டு, அடி புடிக்காமக் காச்சி, இளஞ்சூட்டோட டம்ளர்ல ஊத்தி...

என்னங்க கண்ணு அப்படிப் பாக்கறீங்க.

ஆமாங்க. மாட்டுக்கு ஆரு கருப்பட்டி போடுவாங்க.

மாடு இல்லீங்க. என் மக வசுந்தரா. பிரசவத்துக்கு வந்திருக்கறா. கல்யாணம் பண்ணி ஆறு வருசம் கழிச்சுப் பொறந்த புள்ளைங்க. மொதப் பத்து நாள் அவளுக்குப் பாலே இல்லை. கொழந்தை சப்பிச் சப்பிப் பாத்துட்டு வீல்னு கத்துது. எங்க தோட்டத்துல வேலை செய்யறவளுக்கு அது பொறுக்குமுங்களா? அவ கையால காச்சிக் கொண்டாந்தா எங்க ஊட்டுல குடிக்க மாட்டாங்கன்னு அவளுக்குத் தெரியும், அதான் வெறும் கொட்டையாக் குடுத்தா. இருபத்தஞ்சு நாள் விடாம நான் என் கையால ஆட்டிக் குடுத்தேன். கொட்டை தீந்ததுக்கப்புறந்தான், இவ்வளவு நல்ல கொட்டை எப்படிடி சேத்தேன்னு அவளைக் கேக்கறேன். அவ சிரிச்சுட்டே சொல்றா, நீங்க மடியில போட்டதுதானுங்கம்மா, பன்னண்டு பொம்பளைக மடியிலயும் கேட்டு வாங்கி, சொத்தையெல்லாம் தள்ளி, புழு படாத கொட்டையாப் பாத்துப் பாத்துப் பொறுக்கி வெச்சேன், சின்னம்மணிக்காச்சேன்னு.

புழு படாத கொட்டைன்னா எந்தக் கொட்டைன்னு உங்களுக்குத் தெரியாததா?

அவளை என்னன்னு வையறதுங்க? ஆகான்னு சொல்லி அவ கையில ஒரு சேலையைக் குடுத்து அனுப்பினேன்.

கொழந்தை நல்லாத்தான் இருக்கறானுங்க. கொழுகொழுன்னு இருக்கறான். கையைக் காலை ஆட்டறான், மொகம் பாத்துச் சிரிக்கறான். ஆனாலும் ராத்திரி ரண்டு மூணு தடவை எழுந்து, அவன் மூக்குகிட்டக் கை வெச்சு மூச்சு வருதான்னு பாக்கறேன். மககிட்டச் சொன்னா அவ பயத்துலயே பால் வத்திப்போயிரும். பால் குடுக்காதேன்னு சொல்லலாமா, குடுன்னு சொல்லலாமா, ஒண்ணும் தெரியலீங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் கண்ணு, அழுகாதீங்க, உங்களை எதுக்குக் கலங்க வெச்சேன் நான்.

காரமடை வந்துருச்சாட்டம் இருக்குது. எறங்கோணும். நான் போற நேரத்துக்கு அவன் பசிச்சு எழுந்திருப்பான். அவளுக்குக் குனிஞ்சு தூக்க முடியாது, இன்னும் தையல் வலிக்குதுங்கறா. நான்தானுங்க தொட்டில்ல இருந்து எடுத்து அவ மாரோட சேத்து வெக்கறேன்.