வடக்கே சூலம்

“வேட்டு! வேட்டு! ஒதுங்குங்க!”

கீரனூர். 1957. பஸ்ஸுக்கு நிற்கிறேன். ரோட்டோரத் தோட்டத்தில் கிணற்றுப் பாறைக்கு வெடி வைக்கிறார்கள். மண்ணுக்கடியில் ஒரு உறுமல். அவ்வளவுதான். நான் குப்புறக் கிடக்கிறேன். காது பொத்தி, வாய் திறந்து.

பக்கத்தில் நின்றவர் சிரிக்கிறார். “என்ன சார், கெணத்து வெடிக்கே விழுந்து கும்புடுறீங்க?”

வெடிமருந்து வாடை வருகிறது. அந்த வாடைக்குள் ரங்கூன் இருக்கிறது.

1941 டிசம்பர் 23. செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி. பர்மாவில் நான் அரிசி மில் மேஸ்திரி. அபாயச் சங்கு ஊதியது. யாரும் ஓடவில்லை. தெருவுக்கு வந்தோம். அண்ணாந்து பார்த்தோம். வெயிலில் வெள்ளி வெள்ளியாய், வரிசை குலையாமல் விமானங்கள். ஒருவர் பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டினார். இருபத்தேழு வரை எண்ணினேன். அப்புறம் எண்ண வானம் இல்லை.

முதலில் சீழ்க்கை. பிறகு தரை எகிறியது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அண்ணாந்து பார்த்தவர்கள் அண்ணாந்தபடியே கிடந்தார்கள்.

அதுவரை சண்டை என்றால் சிப்பாயோடு சிப்பாய். அன்று அது துறைமுகத்துக்கு வந்தது. மில்லுக்கு வந்தது. உலை கொதிக்கிற அடுப்புக்கு வந்தது. குண்டு போட்டவன் எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. பின்னாளில் பேப்பரில் படித்தேன். அவன் ஊர்மேலும் அப்படியே போட்டார்களாம், நூறு நூறாய் விமானம் சேர்த்து. அங்கேயும் யாரோ ஒருத்தி உலை வைத்திருப்பாள்.

வீட்டுக்கு ஓடினேன். என் மனைவி செல்லம் உயிரோடு இருந்தாள். இடுப்பில் மூன்று வயது மகள் வள்ளி. மூட்டை கட்டி முடித்திருந்தாள். தெருவே வடக்கே, புரோம் ரோட்டில், நடந்துகொண்டிருந்தது.

“கெளம்புங்க.”

செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். அந்தத் திக்கில் பயணம் ஆகாது. சொந்த ஊரான விராலிமலையில் எங்கள் வீட்டில் சந்தைக்குக்கூட அப்படிப் பார்த்துத்தான் கால் வைப்போம். அவசரமென்றால் பால் குடித்துவிட்டுக் கிளம்பலாம், தோஷமில்லை. ரங்கூனில் பால்காரர்கள்தான் முதலில் ஓடியிருந்தார்கள்.

“பாலில்லாம வடக்கே கால் வைக்கக் கூடாது. வியாழக்கெழம போவோம்.”

“குண்டு போடுறவன் கெழம பாத்தா போடுறான்?”

கை ஓங்கினேன். அவள் மூட்டையை அவிழ்த்தாள்.

புதன். விமானம் வரவில்லை. “பாத்தியா?” என்றேன். தெருவில் பிணங்கள் வீங்கின. அள்ள ஆளில்லை.

25. வியாழன். எமகண்டம் கழியட்டும் என்று ஏழரைவரை இருந்தேன். பிறகு கைவண்டி தேடி அலைந்தேன். கிடைக்கவில்லை. பதினொன்றரைக்கு நடக்கத் தொடங்கினோம். தெருமுனையில் வள்ளி பசிக்கு அழுதாள். கஞ்சித்தூக்கு வீட்டிலேயே இருந்தது. செல்லம் திரும்பி ஓடினாள்.

சங்கு. “படு! படு!” யாரோ கத்தினார்கள். சாக்கடைக்குள் விழுந்து வள்ளிமேல் கவிழ்ந்தேன். துணி கிழிகிற சத்தம். அது விமானத்துத் துப்பாக்கி. பிறகு தீக்குண்டு. தேக்குமர வீடுகள் வரிசையாய்ப் பற்றின. தலை தூக்கினால் எங்கள் தெரு இல்லை. சூடு ஆறும் முன்பே உள்ளே போனேன். உள்ளங்கால் வெந்தது. கூப்பிட்டேன். கரியில் கை விட்டுக் கிளறினேன். இருட்டும்வரை.

வள்ளிக்கு இப்போது பத்தொன்பது. அம்மா குண்டில் செத்தாள் என்று மட்டும் தெரியும். இரண்டு நாள் காக்க வைத்தது நான் என்று தெரியாது. இதைப் படிப்பாள். படிக்கட்டும்.

போனவை இவை. எங்கள் வரிசையில் பதினோரு வீடு. மில்லில் என்னோடு சோறு தின்ற ஒன்பது பேர். தோளில் இருந்த அந்தப் பிள்ளையும் தூக்கிய தகப்பனும். செவ்வாய், புதன், இரண்டு பகல். செல்லம், வயது இருபத்திரண்டு.

தெருமுனையில் வள்ளியை என் தோளில் ஏற்றிவிட்டு அவள் சொன்னது:

“நீங்க நிக்காம நடங்க. நான் ஓடியாந்துருவேன்.”