தோல் காயும் வரை

தோலுக்கு அவசரம் ஆகாது, சேர். இது விளங்காமல்தான் நம் ஆட்கள் நல்ல சப்பாத்தையெல்லாம் வெயிலில் காயவைத்து வெடிக்க விடுகிறார்கள். உங்கள் காலில் இருக்கிற சப்பாத்தும் ஓரத்தில் அப்படித்தான் வெடித்திருக்கிறது. குறையாக எடுக்க வேண்டாம், கண்ணில் பட்டது, சொன்னேன்.

கஜேந்திரனைத் தள்ளியது நான்தான் என்று நேற்றே இங்கே பொலிஸில் ஒப்புக்கொண்டேன். நீங்களும் விபத்து என்று எழுதிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

கட்டுகஸ்தோட்டையில் ஹுஸைன் நானாவின் பில்லியட் கிளப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மேசைகளைத் துலக்குவேன், புதிதாக வருகிறவர்களுக்கு ஆடக் காட்டிக்கொடுப்பேன். கஜேந்திரன் என் தங்கை நிஷாந்தினியின் மாப்பிள்ளை. கெட்டவன் இல்லை. கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து என் சாமான் ஒன்றும் வைத்த இடத்தில் இருந்ததில்லை. சீப்பு, குடை, மோட்டார் சைக்கிள், எதைக் கேட்டாலும் "நம்ம மச்சான் சாமான்தானே" என்பான். தங்கையைக் கொடுத்த இடம். பல்லைக் கடித்துக்கொண்டு நானும் சிரித்துவிடுவேன்.

என் கியூவை மட்டும் தொடாதே என்று சொல்லி வைத்திருந்தேன். பந்து அடிக்கும் அந்தக் கோலில், கை பிடிக்கிற இடத்தில் தோல் சுற்றியிருக்கும். அந்தத் தோல் என் கைக்குப் பழகிப்போய், கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாலும் விரல்கள் தானாக இடத்தில் போய் உட்காரும். ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் போட்டி. அதில் ஜெயித்தால் வெளிநாட்டுக்கு ஆடப் போகலாம். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவனுக்கு அப்படியொரு வாசல் இன்னொரு தடவை திறக்காது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்போது ஹுஸைன் நானா ஷட்டரை இறக்கிவிடுவார். அன்றைக்கும், "நான் வந்து தொறக்கிற வரைக்கும் ஒத்தரையும் உள்ளுக்கு எடுக்க வாணாம், வீரசிங்கம்" என்று சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்குப் போனார். உள்ளே நானும் கஜேந்திரனும் மட்டும் இருந்தோம்.

அவன் என் கியூவைப் பையிலிருந்து உருவி எடுத்தான். "போட்டிக்குப் போறீங்கல்ல மச்சான், தேங்கா எண்ணெய லேசா சூடுகாட்டித் தேச்சு வச்சேன். எப்புடி மினுங்குது பாருங்க" என்றான். எங்கள் தோட்டத்தில் தலைக்கும் அந்த எண்ணெய்தான், பிள்ளையின் வயிற்றுக்கும் அந்த எண்ணெய்தான், கிறீச்சிடும் கதவுக்கும் அதுதான். தோலுக்கும் நல்லது என்று நினைத்துவிட்டான். ஆசையாகத்தான் செய்திருக்கிறான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தோல் எண்ணெய் குடித்துக் கறுத்து, தொட்டால் வழுக்கியது.

கொடு என்று கையை நீட்டினேன். சும்மா விளையாட்டுக்கு, தராமல் பின்னால் போனான். தள்ளினேன். மேசையின் மூலை பின்மண்டையில் பட்டது. விழுந்தவன் ஒரு கையால் தலையைத் தடவினான், அதே கையால் மறுபடியும் கியூவைப் பிடித்துக்கொண்டான். கியூவின் தோலெல்லாம் இரத்தம். பிறகு அவன் கண் சொருகிவிட்டது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். என் ஆத்திரம் தள்ளினதோடு போய்விட்டது, சேர். மற்றதெல்லாம் நிதானமாகச் செய்தது. அதைத்தான் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

முதலில் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கியூவை எடுத்தேன். இரத்தத்துக்குச் சுடுதண்ணீர் ஆகாது, கறை இறுகிப்போகும். கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் எடுத்து, துணியின் ஒரு பக்கத்தை நனைத்து, இறுக்கிப் பிழிந்து, தையல் போகிற பக்கமாகவே துடைத்தேன். கிளப்பில் சுத்தமான துணி அது ஒன்றுதான் இருந்தது. அதை அவன் தலையில் கட்டியிருக்கலாமே என்பீர்கள். கட்டியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு அது தோல் துடைக்கிற துணியாகத்தான் தெரிந்தது.

பிறகு எண்ணெயை இழுப்பதற்குப் பவுடர் தூவி, மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் என் கை சும்மாதான் இருந்தது. போன் என் மேல்சட்டைப் பையில் இருந்தது. அம்புலன்ஸைக் கூப்பிட்டால் ஷட்டரைத் திறக்க வேண்டும், திறந்தால் தெருவே உள்ளே வரும், கியூவை ஆளுக்கு ஆள் எடுத்துப் பார்ப்பார்கள். பதறாத காரியம் சிதறாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கஜேந்திரன் குறட்டை போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். மூச்சுத்தான் இருக்கிறதே, பயமில்லை என்று நினைத்தேன்.

அப்போது ஷட்டரைத் தட்டினார்கள்.

"அண்ணே, அவரு உள்ள இருக்காரா?" நிஷாந்தினியின் குரல்.

"இல்லம்மா, பேராதனைப் பக்கம் போனான்" என்றேன்.

"போன எடுக்க மாட்டேங்குறாரே." சொல்லிக்கொண்டே அவள் மறுபடி எடுத்திருக்கிறாள். கஜேந்திரனின் பையில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு உள்ளங்கை வியர்த்தது. வியர்த்த கையால் தோலைத் தொடக்கூடாது, காற்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

"இங்கயே மறந்து வச்சுட்டுப் போயிட்டான்" என்றேன்.

"என்னமோ மொனகுற சத்தம் கேக்குதே, அண்ணே."

"பழைய ஃபேனும்மா."

இரும்புத் தகட்டுக்கு அந்தப் பக்கம் அவள் நிற்கிறாள், இந்தப் பக்கம் அவன் கிடக்கிறான். நாலு எட்டு வைத்துப் போய்த் திறந்திருந்தால் முடிந்திருக்கும். "ரெண்டு பேருக்கும் சோறு வச்சிருக்கேன். ஆறிப்போயிரும், நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று பார்சலை ஷட்டருக்குக் கீழ் இடுக்கால் தள்ளிவிட்டுப் போனாள். மீன் குழம்பு. கையில் எண்ணெய் படும் என்று அதை ஓரமாக வைத்தேன்.

பவுடரைத் தட்டிவிட்டேன். கறுப்பு பெரும்பாலும் போயிருந்தது. விரல் நுனியில் கொஞ்சமாகத் தோல் கிறீம் எடுத்து, வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். அள்ளிப் பூசினால் தோல் ஊதிவிடும். பாதி தேய்த்திருப்பேன், கஜேந்திரன் கண்ணைத் திறந்தான்.

"மச்சான், தண்ணி" என்றான்.

எனக்குக் கேட்டது. நேற்று உங்களிடம், விழுந்ததிலிருந்து அவனுக்கு நினைவே வரவில்லை என்று சொன்னேன். அதை வெட்டிவிடுங்கள். நினைவு வந்தது. தண்ணீர் கேட்டான். "இருடா, இந்தா முடிஞ்சிருச்சு" என்றேன். சரி என்பதுபோல் தலையை அசைத்தான். அவன் எப்போதும் என் சொல்லை நம்புகிறவன்.

மீதியையும் தேய்த்தேன். ஊறும்வரை விட்டேன். துணியின் காய்ந்த பக்கத்தால் மினுக்கினேன். இடையில் எப்போதோ அந்தக் குறட்டைச் சத்தம் நின்றிருந்தது. எப்போது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, கவனம் வேலையில் இருந்தது. ஹுஸைன் நானா தொப்பியோடு வந்து ஷட்டரைத் தூக்கியபோது நான் கியூவைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டொக்டர் சொன்னாராம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். தள்ளியது விபத்து. சாகவிட்டது நான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

நிஷாந்தினி என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்கிறாளாம். முழிக்க வேண்டாம். நீங்கள் எடுத்துவைத்திருக்கும் அந்தக் கியூவை மட்டும் ஒரு தடவை அவள் கையில் கொடுத்துப் பாருங்கள், சேர். ஒரு பொட்டுக் கறை இருக்காது. அதைப் பார்த்தால் அவளுக்கே எல்லாம் விளங்கிவிடும்.